தண்ணி வடியிற வரைக்கும்

கிறிஸ்துமஸ் முறுக்கு தீருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் ஆண்டின் கடைசி வாரம். சுங்காயிலிருந்து சிலிம் ரிவர் போகும் பாதையில், ஆற்றை ஒட்டிக் கிடந்த அந்த ரப்பர் தோட்டத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது யார் வாயிலும் நுழையாததால் ஆத்தங்கரைத் தோட்டம் என்றே வழங்கி வந்தது.

மழையில் பால்வெட்டு கிடையாது. பட்டை ஈரமாக இருந்தால் பால் மரத்தில் கட்டிய மங்குக் கோப்பைக்குள் இறங்காமல் மரமெல்லாம் வழிந்து வீணாகிவிடும். அதனால் முதலில் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்களுக்கு அது லீவு மாதிரிதான் இருந்தது. குழந்தையம்மாள் மரவள்ளிக் கிழங்கை அவியப் போட்டுவிட்டு, வாசலில் குந்திப் பால்மரக் கத்தியைத் தீட்டும் புருஷனின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். யேசுதாசனுக்குக் கத்தி தீட்டும்போதுதான் யோசனை ஓடும். சாமியார் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்தில் ஜெபமாலை சொல்லிக்கொடுப்பவன் அவன். அண்ணன் தம்பித் தகராறு, கோழித் தகராறு எதுவானாலும் அவனிடம் நியாயம் கேட்டு வருவார்கள். மாரியம்மன் கோயில்காரர்களும் வருவார்கள்.

“ஏ கொழந்த, இத யோசிச்சுப் பாத்தியா? காலைப் பெரட்டுல ஆள் எண்ண நிக்கிறோம். நாம இத்தன பேரு. அர்ச்சுனன் கங்காணி ஒத்த ஆளு. அவரு கைல ஒரு ரோத்தான் பெரம்பு. நம்ம ஒவ்வொருத்தன் கைலயும் கத்தி இருக்கு. இருந்தும் நாமதான் பயப்படுறோம். ஏன்?”

“அவருக்குப் பின்னால தொரை இருக்காரு.”

“தொரைக்குப் பின்னால?”

“எனக்கென்னா தெரியும். கெழங்கு வெந்துருச்சு, வந்து தின்னுங்க.”

அவன் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தான். ஆனால் கேள்வியை விடவில்லை என்பது கிழங்கை உரிக்கும் விதத்திலேயே அவளுக்குத் தெரிந்தது.

துரை புதுவருஷத்துக்கு ஈப்போ கிளப்புக்குப் போயிருந்தார். கணக்கெழுதும் கிராணி சுங்காயில் மாமியார் வீட்டில். தோட்டத்துக்குப் பொறுப்பு பெரிய கங்காணி அர்ச்சுனன்தான். ஒரு விடியலில் ஆறு கரையை ஏறிப் பள்ளத்து லயத்துக்குள் வந்தபோது, அவர் தன் பெண்டு பிள்ளைகளை மாட்டு வண்டியில் ஏற்றினார். “பாதை முங்கறதுக்குள்ள டவுனுக்குப் போயி ஆள் கூட்டியாரேன். எல்லாரும் மேட்டுல ஏறிக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அரிசிக் கிடங்குச் சாவியும் அவர் இடுப்பிலேயே போய்விட்டது. அன்று மத்தியானம் பாதை முங்கியது. அப்புறம் யாரும் வரவுமில்லை, போகவுமில்லை.

மேட்டு லயமும் முங்கிய பிறகு தோட்டத்தில் மேடு என்றால் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகை நின்ற குன்றுதான். அரிசிக் கிடங்கும் அதன் பக்கத்தில்தான். சனங்கள் பாய், சட்டி, கோழி, ஆடு, சாமி படம் எல்லாவற்றையும் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து ஏறினார்கள். கொட்டகைக்குள் இடம் போதவில்லை. கொடியில் தொங்கிய ரப்பர் ஷீட்டுகளை இறக்கிக் கம்புகளில் கட்டிக் கூரையாக்கிக்கொண்டார்கள். கீழே, லட்சணமாக வரிசை வைத்த மரங்களுக்கு நடுவில், பால் மங்குகளும் அத்தாப்பு ஓலைக் கூரைகளும் செத்த கோழிகளும் மிதந்துபோயின.

மறுநாள் கொண்டுவந்த கிழங்கு தீர்ந்தது. பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. மேட்டு லயத்துப் பத்துமலை கடப்பாரையோடு கிடங்கு வாசலுக்கு வந்தான். மாடு மாதிரி பலசாலி, கோபக்காரன், மனசில் கள்ளமில்லாதவன்.

“என்னாத்துக்கு யோசனை? ஒடச்சு, அவனவன் அள்ளுனத அள்ளிக்கிட்டுப் போவோம்லா.”

யேசுதாசன் குறுக்கே வந்தான். “ஒடைக்கத்தான் வேணும் மச்சான். பிள்ளைங்க பசிக்கு முன்னால பூட்டு ஒண்ணும் பெருசில்ல. ஆனா அவனவன் அள்ளுனா ஒனக்கு ஒரு மூட்டை கெடைக்கும். வீரம்மாவுக்கு என்னா கெடைக்கும்? பச்சப் பிள்ளைய வச்சிக்கிட்டு ஒன்னோட முட்டி மோதுவாளா?”

பள்ளத்து லயத்து வீரம்மா, மழையில் நனையாமல் பிள்ளையை மாராப்புக்குள் பொத்திக்கொண்டு நின்றாள். பத்துமலை அவளைப் பார்த்துவிட்டுக் கடப்பாரையைத் தரையில் ஊன்றினான்.

“அப்ப நீயே சொல்லு.”

“எல்லாரும் சம்மதிச்சா ஒடைப்போம். எல்லாரும் பாக்க ஒடைப்போம். ஒடச்ச பெறகு எவனும் தனியா உள்ள போகக்கூடாது. ஒரே ஒல, எல்லாருக்கும் கஞ்சி.”

சம்மதித்தார்கள். பூட்டு உடைந்தது. உள்ளே அரிசி மூட்டைகளும் கருவாட்டுக் கட்டுகளும் இருந்தன. அடுத்த தகராறு உடனே வந்தது: யார் கையால் சமைப்பது, யார் பாத்திரத்தில் சமைப்பது. பள்ளத்து லயத்துப் பெண்கள் கைபட்டதை மேட்டு லயத்தில் சிலர் தின்னமாட்டார்கள். யேசுதாசன் மாரியம்மன் கோயில் அண்டாவை நாலு பேரை விட்டுத் தூக்கிவரச் சொன்னான். “அம்மன் அண்டா. இதுல வெந்தா தீட்டு யாருக்கு? வேணாங்கிறவன் பட்டினி கெடக்கட்டும், நான் தடுக்கல” என்றான். பட்டினி கிடக்க யாரும் முன்வரவில்லை. கருவாடும் கஞ்சியும் மணக்க மணக்க அன்று எல்லாரும் ஒரே வரிசையில் நின்று வாங்கித் தின்றார்கள். குழந்தையம்மாளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. ‘தலைவரே’ என்று அவனைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ‘தலைவரு வீட்டம்மா, கொஞ்சம் தள்ளுங்க’ என்று அவளையும் சொன்னபோது, அவளுக்குத் தள்ளவே மனசில்லை.

பாம்புகளுக்கும் அந்தக் குன்றை விட்டால் போக்கிடமில்லை. அவற்றை அடிக்கத்தான் யேசுதாசன் பாதி முங்கிக் கிடந்த அர்ச்சுனன் கங்காணி வீட்டில் மாட்டியிருந்த ரோத்தானை எடுத்துவந்தான். பாம்பு அடித்த பிறகு அதைத் திருப்பி மாட்டவில்லை. வரிசையைக் காட்ட அது உதவியது. வரிசை மீறுகிறவன் தோளைத் தட்ட உதவியது. “தள்ளி நில்லுங்கண்ணே” என்று பேசிக்கொண்டிருந்தவன், “தள்ளுடா” என்று சொல்லத் தொடங்கியதைக் குழந்தையம்மாள் கேட்டாள். கிடங்குக்குள் இப்போது அவன் மட்டுமே போய்வந்தான். முதல் அகப்பைக் கஞ்சி தன்னிடம் வருவதை அவன் கவனிக்கவேயில்லை, வாங்கிக் குடித்தான். அலைச்சல், தூக்கமில்லை, அதனால்தான் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அப்பாவு என்று ஒருவன் இருந்தான். தனிக்கட்டை. நாலு இடத்தில் கேட்டு வாங்கித் தின்கிறவன். அவன் படுத்திருந்த இடத்தில், அடுக்கிய ரப்பர் ஷீட்டுகளுக்கு அடியில் ஒரு கட்டுக் கருவாட்டைப் பத்துமலை கண்டெடுத்தான். கூட்டம் கொதித்தது. பிள்ளைக்காரிகள் மண்ணை வாரித் தூற்றினார்கள். யேசுதாசன் ரோத்தானால் ரம்புத்தான் மரத்தைக் காட்டினான்.

“கட்டுங்கடா அதுல. ராவும் பகலும் நனைஞ்சா புத்தி வரும்.”

பத்துமலையும் இன்னொருவனும் கட்டினார்கள். “அப்படிச் சொல்லுங்க தலைவரே” என்று கூட்டத்தில் குரல்கள் எழுந்தன. மழை அப்பாவு நெற்றியில் வழிந்து கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. கண்ணைக் கொட்டிக் கொட்டி நின்றான்.

குழந்தையம்மாள் அந்தக் கண்களைப் பார்த்தாள். சின்னப் பிள்ளையில், பாகான் செராய்ப் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில், அவளுடைய அப்பாவை ஒரு தென்னை மரத்தில் கட்டியிருந்தார்கள். ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறி வந்தவர். காய்ச்சலில் வேலைக்குப் போகாததற்குத் தண்டனை. கட்டியது வெள்ளைக்காரன் இல்லை, ஊர்க்காரன், ஒரே ஜில்லாக்காரன். அவரும் இப்படித்தான் கண்ணைக் கொட்டிக்கொண்டு நின்றார். அவள் கொண்டுபோன தண்ணீர்ச் செம்பை அந்த ஆள் காலால் உதைத்தான்.

அவள் அடுப்படியை விட்டு எழுந்தாள். மடியிலிருந்த பால்மரக் கத்தியை எடுத்துக்கொண்டு எல்லாரும் பார்க்க நடந்துபோய்க் கயிற்றை அறுத்தாள்.

யேசுதாசன் மழையில் இறங்கி வந்தான்.

“யாரக் கேட்டு அறுத்த?”

“யாரக் கேட்டுக் கட்டுனீங்க?”

“நான் தலைவன். நாலு பேரு முன்னால நீ இப்படிச் செஞ்சா எம்பேச்ச எவன் கேப்பான்?”

“எங்கப்பனக் கட்டுனவனும் இதத்தான் சொன்னான். நாலு பேரு பாக்கணும், அப்பத்தான் பேச்சக் கேப்பாங்கன்னு. ஒங்களுக்கு அந்தக் கதை தெரியும். கல்யாணம் ஆன புதுசுல சொல்லி அழுதப்ப என்னோட சேந்து நீங்களும் அழுதீங்க.” அவள் குரலை உயர்த்தவில்லை. “இப்ப அந்தப் பெரம்பால என்னை அடிக்கணும்னாலும் அடிங்க. நின்னுக்கிறேன்.”

அவன் கையைப் பார்த்தான். பிறகு குன்றின் சரிவில் இறங்கி, தண்ணீர் ஓரத்தில் ஒரு கல்லில் போய் உட்கார்ந்துகொண்டான்.

சாயங்காலம் அவள் ஒரு மங்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு போனாள். மழை தூறலாகியிருந்தது. ஆற்றில் ஒரு முழு மரம் வேரோடு சுழன்று போய்க்கொண்டிருந்தது.

“எல்லாரும் குடிச்சாச்சா?” என்று கேட்டான்.

“ஆச்சு.”

வாங்கிக் குடித்தான். “அன்னிக்கு ஒன்கிட்ட ஒண்ணு கேட்டேன். அத்தன பேரும் ஒத்த ஆளுக்கு ஏன் பயப்படுறோம்னு. பதிலு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அர்ச்சுனன் கங்காணி பலசாலியும் இல்ல, கெட்டவரும் இல்ல கொழந்த. ஏன்னு கேக்க ஆளில்ல, அவ்வளவுதான். அவரு எடத்துல நின்னா நானும் அவருதான்.”

“நீங்க அவரு இல்ல.”

“ஆயிட்டேன். நீ அறுத்திருக்காட்டி முழுசா ஆயிருப்பேன். கட்டச் சொன்னப்ப எனக்கு உள்ளுக்குள்ள எப்படி இருந்துச்சு தெரியுமா? சந்தோசமா இருந்துச்சு. அத நெனச்சாத்தான் பயமா இருக்கு.”

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் முகத்தைப் பார்த்தபோது, அண்டாவைத் தூக்கிவரச் சொன்ன அன்றைக்கு வந்ததைவிடப் பெரிய நிறைவு அவளுக்குள் வந்தது. ஏன் என்று அவளுக்கு அப்போது விளங்கவில்லை.

இருட்டுவதற்குள் அவன் எல்லாரையும் கொட்டகை முன்னால் கூட்டினான். அப்பாவுவைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினான்.

“அப்பாவண்ணே, நீங்க கருவாட்ட ஒளிச்சது தப்பு. நான் ஒங்களக் கட்டுனது அதவிடப் பெரிய தப்பு. மன்னிச்சுக்குங்க.” ரோத்தானை முழங்காலில் வைத்து முறித்து அடுப்பில் போட்டான்.

பத்துமலைக்கு அது பிடிக்கவில்லை. “தலைவன் மன்னிப்புக் கேட்டா கூட்டம் எப்படிய்யா அடங்கும்? பயம் இல்லாட்டி நாளைக்கு ஆளுக்கு ஒரு மூட்டையத் தூக்கிக்கிட்டுப் போவான்.”

“பயந்ததாலதான் இவரு ஒளிச்சாரு மச்சான். கேட்டுப் பாரு.”

அப்பாவு தலையைச் சொறிந்தான். “கெடங்குல தீந்துபோச்சுன்னு பேசிக்கிட்டாங்க. எனக்கு யாரு தருவா? அதான்.”

“தீரல. ஆனா தீரலன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். அது எந்தப்பு. நாளைலருந்து யாரு வேணாலும் வந்து கெடங்கக் கண்ணால பாக்கலாம். இருக்குன்னு தெரிஞ்சவன் ஒளிக்க மாட்டான்.”

“தெரிஞ்சும் ஒளிச்சா?”

“ஒளிக்கிறவன் இருக்கத்தான் செய்வான். நாம ஒண்ணும் மோட்சத்துச் சம்மனசுங்க இல்லலா. அவனக் கூட்டத்துல நிறுத்தி ஏன்னு கேப்போம். அவன் பதில் சொல்லணும். கட்டக்கூடாது, அடிக்கக்கூடாது. அதே மாரி என்னையும் ஏன்னு கேளுங்க. நானும் பதில் சொல்லணும். என்னைய நீங்க முன்னால நிறுத்துனப்ப, எது செய்யலாம், எது செய்யக்கூடாதுன்னு நீங்களும் சொல்லல, நானும் கேக்கல. கையக் கட்டாம விட்டா எந்தக் கையும் நீளும். நல்லவன் கைன்னு ஒண்ணு தனியா கெடையாது.”

முதலில் வீரம்மாதான் கேட்டாள்.

“அப்ப மொத அகப்பை ஏன் ஒங்களுக்கு வருதுங்கண்ணே?”

யேசுதாசனுக்கு முகம் சிவந்தது. “அது… நான் கவனிக்கல தங்கச்சி. இனிமே வராது. நீயே அளந்து ஊத்து.” கூட்டத்தில் முதன்முறையாகச் சிரிப்பு எழுந்தது. பத்துமலைகூடச் சிரித்தான்.

“இன்னொண்ணு” என்றான் யேசுதாசன். “இந்த வேலை எனக்குத் தண்ணி வடியிற வரைக்கும்தான்.”

தண்ணீர் வடிய நாளாயிற்று. கடைசியில் சேறும் நாற்றமுமாக நிலம் தெரிந்தபோது துரை ஒரு சம்பான் படகில் வந்து இறங்கினார். பின்னால் அர்ச்சுனன் கங்காணி, கணுக்காலுக்கு மேல் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. துரை பேசுவது கங்காணிகளிடம் கற்ற தமிழ், மரியாதைச் சொல் ஒன்றும் அதில் கிடையாது.

“பூட்டு எவன் ஒடச்சது?”

“நாந்தாங்க தொரே” என்று யேசுதாசன் முன்னால் போனான். “எல்லாரும் சம்மதிச்சாங்க. ஆனா சொன்னது நான்.”

அர்ச்சுனன் கங்காணிக்கு ரோத்தான் போன கதை அதற்குள் எட்டியிருந்தது. “அது மட்டுமில்ல தொரே. ஆளையும் மரத்துல கட்டியிருக்கான். கட்டுனா போலீஸ் கேஸு. இந்தா, கட்டுப்பட்டவன் நிக்கிறான். சொல்லு அப்பாவு, பயப்படாத.”

அப்பாவு ஒரு வாய்ச் சோற்றுக்கு எதையும் சொல்லக்கூடியவன் என்று லயமே அறியும்.

அப்பாவு மூக்கை உறிஞ்சினான். “கட்டுனாருங்க. பொய் சொல்லப்படாது. மழைல நின்னேன். அவரு சம்சாரம் வந்து அறுத்துவிட்டுச்சு. அன்னிக்கே எல்லாரையும் கூட்டி, எம்முன்னால நின்னு, அப்பாவண்ணேன்னு கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாரு.” அவன் கங்காணி பக்கம் திரும்பினான். “இந்தத் தோட்டத்துக்கு வந்த நாள்லருந்து அடிதான் வாங்குறேன். அண்ணேன்னு கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டவரு இவரு ஒருத்தருதான். போலீஸ் வந்தா இதையும் சேத்துத்தான் சொல்லுவேன்.”

துரை கிடங்குக்குள் போனார். மூட்டைகள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. வீரம்மா அரிசி அளக்கும் பால் டின்னோடு வாசலில் நின்று, இன்னும் எத்தனை வேளைக்கு வரும் என்று அவரிடம் சொன்னாள். துரை வெளியே வந்து கீழே தோட்டத்தைப் பார்த்தார். மரங்கள் சாய்ந்து கிடந்தன. லயங்கள் கூரையில்லாமல் நின்றன. பக்கத்துத் தோட்டங்களில் ஆட்கள் கிடைத்த பக்கம் ஓடிவிட்டதாகப் பேச்சு. இங்கே ஒருவரும் போகவில்லை.

“பூட்டு போகட்டும்” என்றார். பிறகு யேசுதாசனிடம், “நீ இனிமே கங்காணி” என்றார்.

அர்ச்சுனன் கங்காணியின் வாய் திறந்தபடி நின்றது. குழந்தையம்மாளுக்கு ஒரு கணம் பலகைத் தரை வைத்த கங்காணி வீடு கண்ணில் வந்து போனது.

“வேணாங்க தொரே” என்றான் யேசுதாசன்.

“ஏன்?”

“நீங்க வச்சா, நீங்கதான் எடுக்கணும். அதனால நான் ஒங்க மொகத்தத்தான் பாத்துக்கிட்டு நிப்பேன். இவங்க மொகம் எனக்கு மறந்துபோகும். என் புத்தி எப்படின்னு இந்த வெள்ளத்துல நல்லாவே தெரிஞ்சுக்கிட்டேன். எங்களுக்குள்ள ஒரு பஞ்சாயத்து இருக்கட்டும், அதுக்கு ஆள நாங்களே வச்சுக்கிறோம். பெரட்டுக்கு ரோத்தான் வரவேணாம். இது ரெண்டும் போதுங்க.”

துரையின் முகம் சிவந்தது, பிறகு தணிந்தது. “பாப்போம்” என்று சொல்லிவிட்டுப் பங்களாவுக்குப் போனார். அந்தப் ‘பாப்போம்’ என்னவென்று அடுத்த பெரட்டில் தெரிந்தது. அர்ச்சுனன் கங்காணி கையில் ரோத்தானுக்குப் பதில் ஒரு குடையோடு வந்து ஆள் எண்ணினார்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை முன்னால் எல்லாரும் கூடினார்கள். யேசுதாசன் சொன்ன சொல்படி பொறுப்பை ஒப்படைத்தான். “நீயே இருய்யா” என்று எத்தனையோ பேர் கேட்டார்கள். குழந்தையம்மாளும் மனசுக்குள் அதையேதான் கேட்டாள். ‘தலைவரு வீட்டம்மா’ என்ற சொல் அவளுக்கு இன்னும் இனித்துக்கொண்டிருந்தது. அவன் அசையவில்லை. “நல்லா செஞ்சான்னு ஒருத்தனையே விட்டு வச்சா, அப்புறம் கெட்டுப்போனாலும் எறக்க முடியாது. எறங்க முடியும்போதே எறங்கிக்கிறேன்” என்றான். கை தூக்கச் சொன்னார்கள். பத்துமலைக்குத்தான் நிறைய கைகள் உயர்ந்தன.

“போயும் போயும் அந்த முரடனையா” என்றாள் அவள், வீட்டுக்கு நடக்கும்போது.

“நானும் அவனுக்குத்தான் கை தூக்குனேன்.”

“எதுக்கு?”

“அவன் எனக்கு நேருக்கு நேரா எதுத்துப் பேசுனவன். அவன எதுத்துப் பேசுனா கேட்டுக்குவான்னு ஒரு நம்பிக்கை.”

மறுநாள் பத்துமலை பள்ளத்து லயத்துக் கிணற்றைத் தூர்வார ஆள் பிரித்தான். முதல் ஆளாக யேசுதாசனை உள்ளே இறங்கச் சொன்னான். குழந்தையம்மாளுக்குச் சுருக்கென்றது. யேசுதாசன் கோவணத்தை இறுக்கிக்கொண்டு இறங்கினான். “ஏன் எப்பவும் எங்க லயத்து ஆளுங்களையே சேத்துல எறக்குறீங்க, மேட்டு லயத்து ஆளுங்க கயிறு மட்டும் இழுக்குறாங்க?” என்று வீரம்மா கேட்டாள். பத்துமலைக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. கை அரையடி உயர்ந்தது. சுற்றி நின்றவர்கள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் உயர்ந்த கையால் காதைச் சொறிந்துகொண்டான். “கெணறு ஒங்களோடது, ஊத்து எங்க இருக்குன்னு ஒங்காளுகளுக்குத்தான் தெரியும், அதான்” என்று பதில் சொன்னான். கொஞ்சம் யோசித்து, “சரி, மதியத்துக்கு மேல நான் எறங்குறேன்” என்றான்.

அந்த நேரத்தில்தான் சுங்காயிலிருந்து ஆஸ்பத்திரி டிரெசர் ஒருவர் காய்ச்சல் மருந்துப் பெட்டியோடு வந்தார். வெள்ளைக் கால்சட்டை முழங்கால்வரை சேறு. குழந்தையம்மாளிடம் நின்று கேட்டார்.

“ஏம்மா, வெள்ளத்துல இந்தத் தோட்டத்தையே கட்டி நடத்துனாராமே ஒரு தலைவரு. டவுன் முழுக்க அதான் பேச்சு. அவரப் பாக்கணும். எங்க இருக்காரு?”

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிணற்றைக் காட்டினாள். டிரெசர் விளிம்பில் குனிந்து பார்த்தார். ஆழத்தில், மார்பளவுச் சேற்றில், மண்பூசிய ஒரு தலை வாளியை நிரப்பிக்கொண்டிருந்தது. “இழுங்கப்பா” என்று ஒரு குரல் மேலே வந்தது.

“தலைவரக் கேட்டேம்மா. இது தூர் வார்ற ஆளு.”

“அவருதாங்க” என்றாள் குழந்தையம்மாள். “எங்க வீட்டுக்காரரு.”